லினக்ஸ் நிறுவிய பிறகு மாணவர் என்ன செய்வார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததை அடுத்து, விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவிக்கொள்ளுமாறு மாணவர்களுக்குப் பலரும் அறிவுரை கூறிவருகின்றனர். நல்ல அறிவுரைதான். ஆனால், இயங்குதளத்தை நிறுவிய பின் அதில் நிரல் எழுதுவதற்கான சூழலை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை யாரும் சொல்லித் தராததால், ஒரு வாரத்தில் "லினக்ஸ் நமக்குச் சரிப்படாது" என்று மாணவர்கள் திரும்பிவிடுவதை வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன்.

சி, சி++ மொழிகளைப் பொறுத்தவரை அமைப்பதில் சிரமமே இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து, மென்பொருள்களை நிறுவும் ஏபிடி கட்டளை வழியே 'பில்ட் எசென்ஷியல்' என்ற ஒரு தொகுப்பை நிறுவினால், நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி, ஜி++, அந்த வேலையை ஒழுங்குபடுத்தும் மேக் ஆகியவை சேர்ந்தே வந்துவிடும்; நிரலை எழுதித் திருத்த உதவும் ஜியானி போன்ற எளிய தொகுப்பானையும் அதே வழியில் பெறலாம். சிக்கல் நம் ஆய்வகங்களில் இருக்கிறது. சி++ மொழிக்கு 1998-இல் பன்னாட்டுத் தரநிலை வந்துவிட்ட பிறகும், அதற்கு முந்தைய டர்போ சி++ மென்பொருளை பழைய டாஸ் இயங்குதளத்தைப் போலச் செயல்படும் டாஸ்பாக்ஸுக்குள் இயக்கிப் பயிற்சி அளிக்கும் கல்லூரிகள் இன்றும் உள்ளன. அங்கே 'கோனியோ' தலைப்புக் கோப்பு, 'கிளியர் ஸ்கிரீன்' கட்டளை, 'வாய்டு மெயின்' என்று பழகிய மாணவர், அதே நிரலை வீட்டில் ஜி++ கொண்டு தொகுத்தால் பிழைச் செய்திகளே வரிசையாக வரும். தவறு தன்னுடையது என்றோ லினக்ஸினுடையது என்றோ அவர் முடிவு கட்டிவிடுகிறார். டர்போவில் முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான், 32,767-க்கு மேற்பட்ட எண் அதில் அடங்காது என்பதால், 8-இன் காரணீயப் பெருக்கமான (1 முதல் 8 வரையான எண்களின் பெருக்கற்பலன்) 40,320 அங்கே -25,216 எனக் காட்டப்படும். ஜி++ சரியான விடையைத் தரும்போது, ஆய்வகக் குறிப்பேட்டில் உள்ளதுபோல் வரவில்லையே என்று ஐயப்படும் மாணவரை என்னவென்று சொல்வது?

பைத்தான் கதை வேறு. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைத்தானை, நிரல் எழுதி இயக்க உதவும் ஐடில் என்ற மென்பொருள் வழியே அறிமுகப்படுத்துகிறது. உபுண்டுவில் பைத்தான் ஏற்கெனவே இருந்தாலும் ஐடில் இருப்பதில்லை, அதைத் தனியே நிறுவ வேண்டும். அடுத்து, வரைபடங்கள் வரைய உதவும் மேட்பிளாட்லிப் போன்ற நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுதி) ஒன்று தேவைப்பட்டு, பழைய காணொளியைப் பார்த்து, நூலகங்களை நிறுவும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையை அடித்தால், 2023-இல் வெளிவந்த டெபியன் 12 (உபுண்டுவுக்கு அடிப்படையான இயங்குதளம்), உபுண்டு 23.04 ஆகியவற்றிலிருந்து இயங்குதளமே அதை மறுத்துவிடுகிறது. இந்த மறுப்புக்குத் தக்க காரணம் உண்டு. புதுப்பிப்புகளைக் கவனிக்கும் கருவிகள் உட்பட உபுண்டுவின் சில உள்பகுதிகள் பைத்தானிலேயே எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் நூலகத்தின் மேல் வேறு பதிப்பு வந்து விழுந்தால் அவை நின்றுபோகும். கணினியின் இயல்பான பைத்தான் பதிப்பை மாற்றிவைத்த பிறகு முனையமே திறக்காமல் போனதாக முறையிடுவோர் பலர். உபுண்டு 24.04 போன்ற பதிப்புகளில் அந்த முனையத்தைத் தொடங்கிவைப்பதே ஒரு சிறிய பைத்தான் நிரல்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் தனி அடைவு உருவாக்கி, அதற்குள், கணினியின் பைத்தானைத் தொடாமல் நூலகங்களைத் தனியே வைத்துக்கொள்ளும் வென்வ் எனப்படும் மெய்நிகர் சூழலை அமைத்து, அதை இயக்கிவிட்டு நூலகங்களை நிறுவுவதே முறை. இதற்கான தொகுப்பும் உபுண்டுவில் தனியாகத்தான் கிடைக்கிறது என்பதால், 'பைத்தான்3 வென்வ்' தொகுப்பை முதலில் நிறுவாதவருக்கு இங்கும் ஒரு பிழைச் செய்தி காத்திருக்கும். அந்தச் செய்தியைப் பொறுமையாகப் படித்தால் தீர்வு அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மாணவர்களோ, இயங்குதளத்தின் தடையை வலிந்து மீறும் தெரிவை இணையத்தில் எங்கோ கண்டு, அதைச் சேர்த்து அடித்துவிட்டு வேலை முடிந்ததாக மகிழ்கிறார்கள்.

இதே சூழலில், பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதையும், 'மதிப்பெண்' என்று எழுதினால் மொழி அதை ஏற்றுக்கொள்ளும் என்பதையும் காட்டினால் கடைசி வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். முனையத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிவது உண்மையே. தொகுப்பானில் பெரும்பாலும் சரியாகவே தெரிகின்றன.

கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்விக்காக 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும் அதன் வழிவந்த கைட் நிறுவனமும், பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்த லினக்ஸ் இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கு அளித்துவருகின்றன. தமிழ்நாட்டிலும் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்தது. நான் அறிந்த மாணவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஏனெனில் அதில் செய்ய வேண்டிய பயிற்சி என்று எதுவும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

எனவே மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரி முதலாண்டிலும், கணினி அறிவியலின் முதல் செய்முறைப் பயிற்சியாக நிரல்சூழல் அமைப்பதையே வைக்க வேண்டும் என்று கல்வித் துறைகளைக் கேட்டுக்கொள்கிறேன். தொகுப்புகளை நிறுவுவது, மெய்நிகர் சூழல் அமைப்பது, வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கி அதன் செய்தியைப் படித்துச் சரிசெய்வது ஆகிய மூன்றையும் மாணவரே செய்து குறிப்பேட்டில் எழுத, அதற்கு மதிப்பெண் வழங்க வேண்டும். ஆய்வகத்தில் இணைய வேகம் போதாது என்ற தடையை நான் அறிவேன். ஒரு பழைய கணினியில் பதிவிறக்கிய தொகுப்புகளைச் சேமித்துவைக்கும் 'ஏபிடி கேச்சர்' மென்பொருளை நிறுவி, மற்றக் கணினிகளை அதன் வழியே பதிவிறக்கச் செய்தால், ஏபிடி வழியே பெறும் தொகுப்புகள் ஒருமுறை இறங்கினாலே போதும். மற்றக் கணினிகளுக்கு அவை உள்வலையிலேயே கிடைத்துவிடும்.

இங்ஙனம்,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்