மைக் இல்லாத கச்சேரிக்கும் கட்டுப்பாடா?

ஆசிரியருக்கு,

குடியிருப்பு வளாகங்களில் இசை நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு கோரும் தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இரவில் அலறும் ஒலிபெருக்கிகள் மீதான கோபம் நியாயம்தான். ஆனால், வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்து மைக் இல்லாமல் கேட்கும் கச்சேரியையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியல்ல. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். நடுவில் சுவரும் மூடிய ஜன்னலும் இருந்தால் இன்னும் அடங்கிவிடும். 1820களில் வியன்னாவில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல்களை நண்பர்கள் இப்படித்தான் வீடுகளில் கூடிக் கேட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் சில மாலைகள் நடத்தியிருக்கிறோம். சென்ற முறை மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்த பிறகு, வயலின் வில் தந்தியில் உரசும் மெல்லிய ஓசைகூடக் கடைசி வரிசைக்குக் கேட்டது. ஓயாமல் பேசும் பக்கத்து வீட்டுச் சிறுவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கேட்டேன். எங்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே, ஒலிபெருக்கி இல்லாத வீட்டுக் கச்சேரிகளுக்கு விதிவிலக்கு அளிக்கலாம். அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது, இரவு 9 மணிக்குள் முடிப்பது ஆகிய இரண்டையும் நிபந்தனையாக வைத்தால் போதும்.