குளித்தலைக் காவிரியில் மணலை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரியில் மணல் குவாரி மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடும்போதெல்லாம் லாரி உரிமையாளர்கள் என்ன சொல்கிறார்கள், விவசாயிகள் என்ன சொல்கிறார்கள் என்று பத்திரிகைகளில் வருகிறது. அந்த மணலை நம்பி வேறு மாதிரி ஒரு வாழ்க்கையும் அங்கே நடக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜூல் மோன்சானின், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் 1950-ல் ஆற்றங்கரை மாந்தோப்பில் குடிசை போட்டு ஆரம்பித்தது. 1968-ல் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து வந்து பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், 1993-ல் அங்கேயேதான் இறந்தார். எண்பதுகளில் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் நான் அங்கே தங்கியிருந்தேன். மாட்டுத்தொழுவத்திலும் சமையற்கட்டிலும் வேலை, மூன்று வேளையும் தரையில் உட்கார்ந்து சாப்பாடு. காலை வழிபாட்டில் சந்தனம், மதியம் குங்குமம், சாயங்காலம் விபூதி. பைபிளோடு உபநிடதமும் வாசிப்பார்கள், மாணிக்கவாசகரும் தாயுமானவரும் வருவார்கள். கிறிஸ்தவ மடத்தில் இதெல்லாமா என்று அப்போது சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு நாளும் அந்நியமாகப் படவில்லை.

ஆனால் அங்கே என்னைப் பிடித்து வைத்தது ஆறுதான். விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும் தியானத்துக்கு மணலில் போய் உட்காருவோம். அகண்ட காவிரி, எதிரே முசிறிக் கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தெரியும். கோடையில் முழங்கை ஆழம் கையால் பறித்தால் போதும், ஊற்று வந்துவிடும். முதலில் கலங்கலாக வரும், அதை அள்ளி வெளியே ஊற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் அடியில் கிடக்கும் மணல் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி தெளியும், அப்புறம் குடிக்கலாம்.

பல வருஷம் கழித்து இந்தக் கோடையில் போயிருந்தேன். ஆசிரமத்துக்குள் பெரிய மாற்றம் இல்லை, கோயில் முகப்பும் குடில்களும் அப்படியேதான் இருக்கின்றன. ஆற்றில் இறங்கினால்தான் வயிறு எரிகிறது. நாங்கள் உட்கார்ந்த மணல்மேடு இல்லை. களிமண் தெரிகிறது, நாணலும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன, ஆள் உயரப் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சாயங்காலம் தியானத்துக்கு வந்தவர்கள் கீழே இறங்காமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு ஆசிரமத்துக்காக மணலை விட்டுவைக்க முடியுமா என்று கேட்கலாம். சரி, ஆசிரமத்தை விடுங்கள். அதே கரையில் குளித்தலை கடம்பந்துறையில்தான் தைப்பூசத்துக்கு எட்டு ஊர் சுவாமிகளும் கூடுகிறார்கள். கரையோரம் வாழைக்கும் வெற்றிலைக்கொடிக்கும் கிணற்றில் தண்ணீர் ஊறுவது இந்த மணலால்தான். திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் குழாயில் குடிநீர் போகிறது. படுகை இறங்கினால் இதெல்லாம் சேர்ந்துதான் இறங்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணை மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது மணல் கொள்ளைதான் காரணம் என்று விவசாயிகள் கதறினார்கள். ஆற்று மணல் 2003 முதல் அரசின் கையில்தான் இருக்கிறது, ஆகவே அரசைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மாயனூர் கதவணையிலிருந்து முக்கொம்பு வரை இரண்டு கரையிலும் எந்தக் குவாரிக்கும் இனி அனுமதி கொடுக்கக் கூடாது. வீடு கட்டப் பாறையை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் இருக்கிறது. ஆற்றுக்குள் முளைத்த கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், அந்தச் சாக்கில் மணலை அள்ளிவிடாமல் ஊர்க்காரர்களையும் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். கரூர், திருச்சி மாவட்ட ஆட்சியர்கள் அடுத்த வெள்ளம் வருவதற்குள் ஒரு முறை நேரில் வந்து அந்தப் பள்ளங்களைப் பார்க்கட்டும். உங்கள் செய்தியாளரையும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சாந்திவனத்தில் இருந்த ஒரு வாசகர்,
மணப்பாறை