அடிபட்டு வந்தவரின் சிகிச்சை எங்கே தொடங்குகிறது? நீலகிரி அரசு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். இந்த மலையில் நெடுங்காலம் அரசுச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி உயிரோடு திரும்பியவர்களின் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறேன். இதை மனநலப் பிரிவுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதக் காரணம் இருக்கிறது. அப்படிப்பட்டவர் முதலில் மனநல மருத்துவரிடம் வருவதில்லை. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரிடம்தான் வருகிறார். ரிமாண்டுக்கு முன் சான்று வாங்குவதற்காக, இரண்டு காவலர்களுக்கு நடுவில் நடத்தி அழைத்து வரப்படுகிறார். அவருடைய மறுவாழ்வு அந்த மேசையில் தொடங்கிவிடும், அல்லது அங்கேயே கெட்டுப்போகும்.

காவலில் அடிபட்டு இறந்துபோனவர்களின் ஊர்ப் பெயர் நமக்குத் தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளம், 2025 ஜூனில் மடப்புரம். ஊர் கொதித்தது, நீதிமன்றம் கேட்டது, சி.பி.ஐ. வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் அடிபட்டு உயிரோடு வீடு திரும்புகிறவருக்குச் செய்தியும் இல்லை, ஆணையமும் இல்லை. ஜாமீனில் வருகிறார், தோட்டக் குடியிருப்பில் உள்ள தன் லைன் வீட்டின் கதவைச் சாத்திக்கொள்கிறார், அதோடு சரி. சில மாதங்கள் கழித்து உங்கள் புறநோயாளி வரிசையில் நிற்பார். தலைவலி என்பார், வயிற்றெரிச்சல் என்பார், தூக்கமில்லை என்பார். அதற்கான மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மாதம் மறுபடியும் வருவார்.

“கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது” என்ற வரியைப் படித்தாலே சிரிக்கப் பழகிவிட்ட மாநிலம் நம்முடையது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒருவர் நிற்கும் படம் கைப்பேசிகளில் வேடிக்கையாகச் சுற்றுகிறது. ரவுடிதானே, வேண்டும் என்கிறார்கள். அந்த மாவுக்கட்டைப் போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. நம்மவர்கள்தான் போட்டார்கள். முறிந்த கைக்குக் கட்டுப் போடத்தான் வேண்டும், அதில் குற்றமில்லை. எப்படி முறிந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் அழைத்து வந்த காவலர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டுக் கட்டுப் போடுவதில்தான் குற்றம் இருக்கிறது. நோயாளி அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். இனிமேல் எந்த வெள்ளைக் கோட்டிடமும் உண்மை பேசிப் பயனில்லை என்று அப்போதே முடிவு செய்துவிடுகிறார். பின்னால் வரும் ஆலோசகர் எத்தனை கனிவாகப் பேசினாலும் அந்த முடிவை மாற்றுவது எளிதல்ல.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு, கைதானவரின் உடலில் உள்ள காயங்களையும் வன்முறையின் அடையாளங்களையும், அவை ஏறத்தாழ எப்போது ஏற்பட்டிருக்கும் என்பதையும் மருத்துவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் ஒருவருக்கோ தரவும் சொல்கிறது. இது பழைய சட்டத்திலும் இருந்ததுதான். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலைக் காவலர் கையில் மட்டும் கொடுத்தனுப்பும் வழக்கம் எந்தச் சட்டத்திலிருந்து வந்ததோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எழுதும் முறையும் உங்களுக்குப் புதிதல்ல. 1999-இல் ஐ.நா.விடம் அளிக்கப்பட்டு 2022-இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை அதற்கென்றே இருக்கிறது. யார் அடித்தார் என்று மருத்துவர் தீர்ப்பு எழுதத் தேவையில்லை. நோயாளி சொல்வதற்கும் காயத்துக்கும் உள்ள பொருத்தத்தை ஐந்து படிகளில் சொன்னால் போதும்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இத்தகைய அடிக்கே உரிய தோற்றம், வேறு எதனாலும் வந்திருக்க முடியாது. இதற்கு வீரம் வேண்டாம், நிதானம் போதும். காவலரை மட்டும் வெளியே நிற்கச் சொல்லுங்கள். அவர் காதில் விழாத தூரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். “பாதுகாப்புப் பிரச்சினை, டாக்டர்” என்பார். கதவுக்கு வெளியே நின்றும் பாதுகாக்கலாம் என்று சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனநலம் என்று பேச ஆரம்பித்தவுடன் எல்லோரும் உடம்பை மறந்துவிடுகிறார்கள். தொடையில் உருட்டுக்கட்டை ஏற்றப்பட்டவரின் தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். உள்ளே தசை நசுங்கியிருக்கும். சிறுநீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் போகிறதா என்று கேளுங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பாருங்கள். சிறுநீரகம் கெட்டு இறந்தவர்கள் உண்டு. கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்டவருக்குத் தோள்பட்டையின் நரம்புக் கற்றை பாதிக்கப்படும். கை மேலே தூக்க வராது, விரல் மரத்துப்போகும். உள்ளங்காலில் அடிபட்டவருக்குக் குதிகாலைத் தாங்கும் கொழுப்புத் திண்டு சிதைந்துபோகும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், பார்ப்பதற்குக் கால் நன்றாக இருக்கும். சமதரையில் எப்படியோ சமாளிப்பார், சரிவில் இறங்க முடியாது. கோத்தகிரியிலோ பந்தலூரிலோ சரிவில் இறங்காமல் செய்யக்கூடிய கூலி வேலை என்ன இருக்கிறது? தோள் உயராத பெண் எப்படிக் கொழுந்து பறிப்பாள்? அவர்களைச் சோம்பேறி என்று கங்காணியும் வீட்டாரும் சேர்ந்து சொல்லும்போது, மனச்சோர்வு எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை.

அதனால்தான் இந்தச் சிகிச்சையில் பிசியோதெரபிஸ்டும் ஆலோசகரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறேன். டென்மார்க்கில் 1974-இல் சில மருத்துவர்கள் சித்திரவதைக்கு உள்ளானவர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான இங்கே கெனெஃப்கே 1982-இல் கோபன்ஹேகனில் மறுவாழ்வு மையம் ஒன்றை நிறுவினார். மருத்துவம், பிசியோதெரபி, மன ஆலோசனை, குடும்பத்துக்கான உதவி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தரும் வழக்கம் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. நம்மிடம் இவை எல்லாமே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டடத்தில், ஒவ்வொரு கிழமையில் இருக்கின்றன. மஞ்சூரிலிருந்து வருகிறவர் ஒரு சீட்டுக்கு ஒரு பஸ் என்று அலைய முடியாது.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு நெஞ்சுவலி என்று ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்கள். மணிக்கட்டில் கிளிப்பை மாட்டியதுமே பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினார். “நோயாளி ஒத்துழைக்கவில்லை” என்று சீட்டில் எழுதி முடித்துவிட்டார்கள். அவர் விரல்களில் முன்பு என்ன வயரைச் சுற்றியிருந்தார்கள் என்பதை வெளியே பெஞ்சில் இருந்த அவர் மனைவிதான் சொன்னார். எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

ஆகவே கேட்கப் பழகுங்கள் என்பது முதல் வேண்டுகோள். “உங்களை யாராவது அடித்தார்களா, கட்டி வைத்தார்களா?” என்று தனியறையில், சாதாரணக் குரலில் கேட்கலாம். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். “கையைத் தூக்கு”, “திரும்பு”, “சட்டையைக் கழற்று” என்று நாம் வேகத்தில் சொல்பவை அவர் இதற்கு முன் வேறோர் அறையில் கேட்ட சொற்கள். ‘ங்க’ சேர்த்துச் சொன்னால் நேரம் ஒன்றும் குறையாது. கதவுக்குப் பக்கத்தில் உட்காரவிடுங்கள். பெண்ணானால் பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது சட்டமும்கூட. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வைக்க வேண்டாம். வனத்துறையினரும் காவலரும் பழங்குடிப் பெண்களை வன்கொடுமை செய்த தர்மபுரி மாவட்ட வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் நடந்ததற்கு 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகளிலும் அந்தப் பெண்கள் அதையே எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது!

மலைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. சமவெளியில் ஜீப் சத்தம் எப்போதாவது கேட்கும். இங்கே பல குடியிருப்புகளுக்கு ஜீப்தான் பஸ், ஆம்புலன்ஸ், மளிகை வண்டி எல்லாமே. இரவில் ஜீப்பில் ஏற்றிச் செல்லப்பட்டவருக்கு ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம்தான். வனத்துறைக்கும் காக்கி, ஆட்டோக்காரருக்கும் காக்கி. “அதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள்” என்று பாடப்புத்தகப்படி அறிவுரை சொன்னால் அவர் வீட்டுக்குள்ளேயே கிடப்பார். அவரை மெல்ல மெல்ல அந்தச் சத்தத்துக்குப் பழக்க வேண்டும். அதற்கு ஊரில் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

அடுத்து மொழி. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர் தமிழில் சந்தைக் கணக்குப் பேசுவார். இரவில் என்ன கனவு வருகிறது என்பதைத் தமிழில் சொல்ல முடியாது. அவசரத்துக்கு வனக்காவலரை மொழிபெயர்க்கக் கூப்பிடும் வழக்கம் இருக்கிறது. அதைவிடப் பேசாமலே அனுப்பிவிடலாம். கூடலூரில் 1990 முதல் இயங்கும் ‘அஸ்வினி’ அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்திருக்கிறது. அவர்களிடம் கற்றுக்கொள்வதில் அரசு மருத்துவமனைக்குக் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இங்கே சிலோன்காரர்கள் என்று சொல்லப்படும் எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, இன்று டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களில் பலர் அங்கே தமிழருக்கு எதிராக நடந்த 1977, 1981, 1983 வன்முறைகளைக் கண்டு வந்தவர்கள். என் மாமியார் சாகும்வரை துணி மூட்டை ஒன்றைத் தலைமாட்டில் கட்டி வைக்காமல் தூங்கியதில்லை. காவலறை வேறு, கலவரம் வேறு, தெரியும். ஆனாலும் ஒரு தலைமுறையை யாரும் எதுவும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் லைன் வீடுகளில் பார்த்திருக்கிறேன். குடி, சண்டை, பேசாமலே கிடக்கும் அப்பா, அவருக்குப் பயந்து வளரும் பிள்ளைகள்.

பணம் கொடுத்தாகிவிட்டதே என்பார்கள். நம் கிழக்குச் சரிவுக்குக் கீழே, சத்தியமங்கலம் காட்டோர ஊர்களில், வீரப்பனைத் தேடிய கூட்டு அதிரடிப்படை செய்தவற்றை விசாரிக்க 1999-இல் நீதிபதி சதாசிவா குழு அமைக்கப்பட்டது. 2007 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. தேவையான தொகைதான், தாமதமாக வந்தது. மின்சாரம் பாய்ச்சப்பட்ட உடம்பு அதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டிருந்தது. நிவாரணம் நீதிமன்றத்தின் வேலை, சிகிச்சை நம் வேலை. ஒன்று வரும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

டெல்லிக்காகவும் காத்திருக்க வேண்டாம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, இயன்ற அளவு முழுமையான மறுவாழ்வைப் பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியானது, 2017-இல் சட்ட ஆணையம் அதைப் பற்றித் தந்த 273-ஆம் அறிக்கை அலமாரியில் இருக்கிறது. ஆனால் 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அமலில்தான் இருக்கிறது. அரசு மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அதன் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அது போதும் நமக்கு.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. உதகையில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு காலைப்பொழுது. மனநல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆள் ஒருவர், மூவரும் ஒரே அறையில். வாசலில் ‘சித்திரவதை’ என்று பலகை வேண்டாம், அறை எண் போதும். கோப்பைக் காவல்துறை கேட்டால் நீதிமன்ற உத்தரவு கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போகும்போது அதே கோப்பு கூடப் போகட்டும். மலையில் கைப்பேசி சிக்னல் கிடைக்கிறவர்களுக்கு 14416 என்ற எண்ணில் உள்ள டெலி மனாஸ் மனநலத் தொலைபேசிச் சேவை உதவும். கிடைக்காதவர்களுக்கு ஊருக்குப் போகும் சுகாதாரச் செவிலியர்தான் கதி, அவருக்குப் பயிற்சி கொடுங்கள்.

உங்கள் அச்சமும் எனக்குத் தெரியாததல்ல. காவல் நிலையம் பக்கத்தில், குடியிருப்பு இங்கே, இடமாற்றம் யார் கையில் என்று தெரியாது. அதனால்தான் தனித்தனியாக உங்களில் யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதினால் அவர் வம்பு பிடித்த டாக்டர். மலையில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் அது மருத்துவமனையின் நடைமுறை, அதில் யாரையும் தனியே பிடித்துக் கேட்க முடியாது.

ஜூன் 26 சித்திரவதைக்கு உள்ளானோருக்கு ஆதரவான உலக நாள். அன்றைக்குப் பேனரும் சால்வையும் வேண்டாம். அதற்கு முன் அந்த அறையையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள். ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலர் இருக்கிறோம். வரிசையில் கூட நிற்கவும், வீட்டாரிடம் பேசவும், பணிய மொழியும் படுக மொழியும் தெரிந்தவர்களை அழைத்து வரவும் தயார். எந்தக் கிழமை என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கோத்தகிரி