தங்கச்சிக்கு: பாப்பாவுக்கு நீ சொன்ன பெயரே இருக்கட்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா போனில் எல்லாம் சொன்னார். யூடியூபில் குழந்தை வளர்ப்பு சொல்லும் அந்த அக்காவின் பெயரைப் பாப்பாவுக்கு வைக்கப் போவதாக நீ சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு பேச்சாம். "செல்போனைப் பார்த்துப் பேர் வைக்கிற காலமாப் போச்சு" என்று பெரியப்பா சொன்னதில் நீ அழுதுவிட்டாயாம். பச்சை உடம்புக்காரி அழக் கூடாது. உன்னைப் போலப் பேச்சு வாங்கும் மற்ற பெண்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயரை மட்டும் இங்கே சொல்லவில்லை. தொட்டிலில் போட்டு, பாப்பாவின் காதில் சொன்ன பிறகு ஊருக்குத் தெரிந்தால் போதும்.

வளைகாப்பு முடிந்து பாலக்கோட்டுக்கு வந்ததிலிருந்து ராத்திரியில் உனக்குத் துணை யார்? மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஷிப்ட். அம்மா பகலெல்லாம் உழைத்துவிட்டு அசந்து தூங்குகிறார். நான் வந்து தங்கியபோது பார்த்தேனே. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்து, பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாய். அந்த அக்கா கையை எங்கே வைக்கிறாரோ அங்கே நீயும் வைத்தாய். பாப்பா ஏப்பம் விட்டதும் உன் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கவில்லை. அப்படி உதவிய ஒருத்தியின் பெயரை வைக்க ஆசைப்படுவதில் என்ன குறை?

நம் பக்கத்தில் பெயர் வைத்த கதையைப் பெரியப்பாவே யோசித்துப் பார்க்கட்டும். மாடு மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு நடுகல் நட்டார்கள். அப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று கும்பிட்டு, பிள்ளைக்கும் வேடியப்பன் என்று பெயர் வைத்தவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜனங்கள். கர்நாடகத்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போய் வந்தவர்கள் மாது, மாதையன், மாதம்மாள் என்று வைத்தார்கள். அந்த மாதையன்தான் இன்றைக்கு நம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மாதேஷ் ஆகியிருக்கிறான். எம்.ஜி.ஆர். மேல் இருந்த பிரியத்தில் எத்தனை ராமச்சந்திரன்கள்! 1953 மார்ச்சில் பிறந்த தன் மகனுக்குக் கலைஞர் ஒரு சோவியத் தலைவரின் பெயரை வைத்தார். மனசுக்கு நெருக்கமானவர் யாரோ, அவர் பெயர் வீட்டுக்குள் வந்தது. உனக்கு நெருக்கமானவர் போனில் வருகிறார், அவ்வளவுதான்.

சரி, உன் பக்கம் பேசிவிட்டேன். இப்போது அக்காவாக இரண்டு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நடுகல் வீரன் இனி மாறப் போவதில்லை. வீடியோவில் வருபவர் உயிரோடு இருக்கிறவர், நாளைக்கு எப்படியும் மாறலாம். இன்று குழந்தை வளர்ப்பு சொல்பவர் நாளை எதையாவது விற்கலாம், சானலையே மூடிவிடலாம், உனக்குப் பிடிக்காத ஒன்றைப் பேசலாம். அப்போதும் இந்தப் பெயரைக் கூப்பிட உனக்கு ஆசையாக இருக்குமா? இருக்கும் என்றால் தயங்காதே. நீ சொன்ன பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். வாசலில் நின்று கூப்பிட நன்றாகவே இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஆனால் சானல் பெயரையோ பட்டப்பெயரையோ எடுக்காதே. யூடியூபில் மிஸ்டர் பீஸ்ட் என்று உலகமே கூப்பிடுகிறவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஜிம்மி டொனால்ட்சன். அதே யூடியூபில் பியூடிபை என்று பேர் வாங்கிய ஸ்வீடன்காரர் 2023-ல் பிறந்த தன் மகனுக்கு பியோர்ன் என்று அவர்கள் நாட்டுப் பழைய பெயரைத்தான் வைத்தார்.

உன் மாமியார் மாதம்மாள் என்று வைக்கச் சொல்வதும் தப்பில்லை. அது அவருடைய அம்மாவின் பெயர். பழைய பெயர் என்று நீ முகம் சுளிக்காதே. தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட வில்லேஜ் குக்கிங் சானலில் சமைப்பவர்கள் யார்? புதுக்கோட்டை மாவட்டத்துப் பெரியதம்பி தாத்தாவும், அய்யனார், முருகேசன், முத்துமாணிக்கம் என்ற பெயர்க்காரப் பேரன்களும்தான். குலதெய்வம் கோயிலில் மொட்டை போடும்போது மாதம்மாள் என்று கூப்பிடட்டும், பள்ளிக்கூடத்துக்கு உன் பெயர் இருக்கட்டும். கோயிலுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, வீட்டில் செல்லமாக ஒன்று என்று நம் வீடுகளில் இருப்பதுதானே. மாமியாரிடம் நானே பேசுகிறேன்.

அப்புறம், பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும், பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம் கட்டி, 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஆகவே யாரும் உன்னை அவசரப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் எழுத்து விஷயத்தில் கவனமாக இரு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அந்த அக்கா தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எண் கணிதம் பார்த்து நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டியிருக்கிறார். அது நமக்கு வேண்டாம். தமிழில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுதலாம். பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் பாப்பா நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து எனக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்பு. இரண்டு பேரும் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சரி சொன்ன பிறகு அப்பா பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகட்டும்.

அன்புடன்,
அக்கா, கிருஷ்ணகிரி