லோத்ரெக் (தென் பிரான்ஸ்): எங்கள் ஊர் மரபுச் சங்கத்தின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, வணக்கம். கடந்த ஓராண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகளைச் செயலாளர் என்ற முறையில் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் நாடெங்கும் கொண்டாடும் மரபு நாள்களில் வழக்கம்போல ஊரைச் சுற்றிக் காட்டினோம். 13-ஆம் நூற்றாண்டின் கோஸாத் மதில்வாயிலில் புறப்பட்டு, மரச்சட்ட வீடுகள் சூழ்ந்த சந்தைத் திடல் வழியாக, சலெத் குன்றின் மேல் நிற்கும் 17-ஆம் நூற்றாண்டுக் காற்றாலை வரை நடந்தோம். ஆலையின் மரப்பற்களை விட்டுக் குழந்தைகள் நகரவே இல்லை.

குன்றின் மேல் நின்று பஸ்தெல் செடியின் கதையையும் சொன்னோம். அதன் இலையை அரைத்து, உருண்டை பிடித்து, காயவைத்து நீலச்சாயம் எடுத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் துலூஸ், அல்பி வட்டாரத்துக்கே செல்வம் கொண்டுவந்த பயிர் அது. பிறகு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அவுரி அந்த வாணிகத்தைச் சாய்த்தது. இன்று அந்த உருண்டையைப் பிடிக்கத் தெரிந்த வீடு எத்தனை? நம் ரோஜாநிறப் பூண்டை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

இடைக்காலத்தில் கையில் காசில்லாத வணிகர் ஒருவர் சாப்பாட்டுக்கு ஈடாகப் பூண்டைக் கொடுத்துப் போனார், சத்திரக்காரர் அதை ஊன்றிவைத்தார் என்பது நம் பாட்டிமார் சொல்லும் கதை. அந்தப் பூண்டுக்கு 1966-இல் லேபல் ரூஜ் தரச்சின்னமும் 1996-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் கிடைத்தன. இவை பெயரைக் காக்கும். கைவேலையைக் காப்பது நம் பொறுப்பு. குளிர்காலத்தில் பல் ஊன்றி, கோடை பிறக்கும் முன் பூந்தண்டைக் கையால் கிள்ளினால்தான் கிழங்கு பருக்கும். பிடுங்கியதைக் கட்டித் தொங்கவிட்டுப் பதினைந்து நாளாவது உலர்த்தி, மேல்தோல் உரித்து, கெட்டித் தண்டுகளை அடுக்கி ‘மனூய்’ என்னும் பூண்டுக் கொத்தாகக் கட்ட வேண்டும். எந்த இடத்தில் நூலை இறுக்குவது என்பதை எழுதிவைத்துப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆகவே இவ்வாண்டு முதியோர் வீடுகளுக்குப் போய், அவர்கள் மனூய் கட்டுவதை ஒளிப்பதிவு செய்தோம். நம் வட்டாரத்தின் பழைய மொழியான ஆக்சித்தானில் அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களையும் குறித்துக்கொண்டோம். இவ்வாண்டின் பணிகளில் இதையே தலையாயதாகக் கருதுகிறேன். ஆகஸ்ட் முதல் வெள்ளியன்று நடந்த பூண்டுத் திருவிழாவில், சூப்புக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அப்பதிவுகளைப் போட்டுக் காட்டினோம். பேரப்பிள்ளைகள் வந்து தங்கள் பாட்டியின் கைகளை அடையாளம் கண்டார்கள்.

ஒரு குறை: மனூய் கட்டும் பயிற்சிக்கு இளைஞர்கள் மிகக் குறைவாகவே வந்தார்கள். அறுவடை நெருக்கடியில் நாள் குறித்தது நம் தவறு. அடுத்த ஆண்டு பூண்டு உலர்ந்த பிறகு, வெள்ளிக்கிழமைச் சந்தை முடிந்த மாலைகளில் பயிற்சி நடத்தச் செயற்குழு முன்மொழிகிறது. பேரவை ஒப்புதல் தர வேண்டுகிறேன். கற்றுத்தர முன்வரும் பெரியவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். பூண்டும் நூலும் சங்கம் தரும்.

செயலாளர்