சாப்லிஃப்டர் ஆடும் முன் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில் ஆப்பிள் டூ கணினியில், ஹெலிகாப்டரில் போய்ப் பணயக்கைதிகளை மீட்கும் சாப்லிஃப்டர் என்ற ஆட்டத்துக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தது மகிழ்ச்சி. ஆனால் "ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டால் போதும்" என்ற வரியை நம்பி யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது. அந்த ஆட்டத்தை வெறும் "சுட்டுத் தள்ளும் ஹெலிகாப்டர் ஆட்டம்" என்று எழுதியதும் பொருந்தவில்லை.

முதலில் மின்சாரம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆப்பிள் டூ பிளஸ், டூ ஈ ஆகியவை அந்நாட்டு 110-120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அவற்றைச் செருகவே கூடாது. 220-240 வோல்ட்டுக்கான மாடல் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. பல பவர் சப்ளைகளுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டும், காகிதத்தால் ஆன ஃபில்டர் கெப்பாசிட்டர் ஒன்று மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற உறையோடு இருக்கும். ஆண்டுகள் போகப்போக உறையில் மயிரிழை விரிசல் விழுந்து காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்விட்ச் போட்ட சில நிமிடங்களில் பட்டென்று வெடித்து அறை முழுவதும் புகை மண்டும். ஆகவே அதை முன்கூட்டியே கழற்றிவிட்டு, அதே மதிப்பில், எக்ஸ்2 என்ற பாதுகாப்புத் தரமுள்ள பாலிப்ரொப்பிலீன் (பிளாஸ்டிக்) கெப்பாசிட்டரைப் பற்றவைக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் உயர்மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்காமல், டிவி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

அடுத்தது ஆட்டம் உள்ள ஃபிளாப்பி டிஸ்க்கைப் படிக்கும் டிஸ்க் டூ டிரைவ். அதன் 20 பின் (ஊசி) ரிப்பன் கேபிளை, கணினிக்குள் ஆறாம் ஸ்லாட்டில் (கார்டு செருகும் இடத்தில்) உள்ள கன்ட்ரோலர் கார்டில் செருகும்போது ஓர் ஊசி தள்ளிப் போனாலும் டிரைவுக்குள் இருக்கும் 74எல்எஸ்125 என்ற ஐசி (சில்லு) கருகிவிடும். கார்டில் வெறும் பின்கள்தான் நிற்கின்றன. சுற்றிலும் தடுப்புச் சட்டம் இல்லாததால் தவறாகச் செருகினாலும் கை தடுக்காது. எனவே மின்சாரத்தை நிறுத்தி, கார்டை வெளியே எடுத்து, இரு ஓரமும் சரியாக உட்கார்ந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்லாட்டில் பொருத்துங்கள். அந்த ஐசி மலிவானதுதான், ஆனால் மாற்ற டிரைவைப் பிரித்தாக வேண்டும்.

ஆட்டத்தின் உயிர் ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது. ஆப்பிளின் ஜாய்ஸ்டிக் அனலாக் வகை, அதாவது குச்சி எவ்வளவு சாய்ந்தது என்பதையும் உணரும். உள்ளே இருக்கும் இரண்டு 150 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர்களின் (திருகினால் மின்தடை மாறும் பாகங்களின்) நிலையைக் கணினி 0 முதல் 255 வரையான எண்ணாகப் படிக்கும். கையை எடுத்தால் எண் 127-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கணினியின் பேசிக் நிரல்மொழியில் குச்சியின் நிலையைத் தரும் பிடிஎல்(0), பிடிஎல்(1) இரண்டையும் திரையில் தொடர்ந்து காட்டும் சின்ன நிரல் எழுதினால் இதைச் சோதிக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டாவது எண் தப்பாக வரும் என்பதால் நடுவே சிறு தாமதம் வையுங்கள். எண் துள்ளினால் உள்ளே அழுக்கு: கான்டாக்ட் கிளீனர் அடித்துக் குச்சியை இரு எல்லைக்கும் பலமுறை அசையுங்கள். எண் துள்ளாமல் நடுவிலிருந்து விலகி நின்றால் ஓரத்தில் உள்ள, நடுநிலையைச் சரிசெய்யும் ட்ரிம் சக்கரத்தைத் திருகுங்கள். வேறு கணினியின் 100 கிலோ ஓம் ஜாய்ஸ்டிக்கை ஒயர் மாற்றிக் கட்டினால் எண் 255-ஐ எட்டாது, ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்றால், இந்த ஆட்டத்தில் ஹெலிகாப்டர் தரையிறங்குவது மனிதர்களுக்கு நடுவே. டான் கோர்லின் எழுதி, புரோடர்பண்ட் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட சாப்லிஃப்டரில் 64 பணயக்கைதிகள் நான்கு கொட்டடிகளில், ஒன்றுக்கு 16 பேராக அடைபட்டிருக்கிறார்கள். ஹெலிகாப்டரிலும் ஒரு நடைக்கு 16 பேர்தான் ஏறலாம். கிடைப்பது மூன்று ஹெலிகாப்டர்கள். ஆக, எல்லோரையும் மீட்கக் குறைந்தது நான்கு நடை. ஒரு ஹெலிகாப்டராவது இரண்டு முறை முழுச் சுமையோடு திரும்பியாக வேண்டும். திரையின் மேல் மூன்று எண்கள் மட்டும்: இறந்தவர்கள், ஏறியிருப்பவர்கள், மீட்கப்பட்டவர்கள். டாங்கியைச் சுட்டால் ஒரு புள்ளியும் கிடையாது. அந்த மூன்று எண்களைப் பார்த்த யாரும் இதை வெறும் சுடும் ஆட்டம் என்று சொல்லமாட்டார்கள். 1985-இல் செகா நிறுவனம் இதை ஆர்கேட் ஆட்டமாக, அதாவது விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் ஆட்டமாக மாற்றியது. ஆர்கேடிலிருந்து வீட்டுக்கு வருவதே வழக்கமாக இருந்த காலத்தில், வீட்டுக் கணினியிலிருந்து ஆர்கேடுக்குப் போனது இது.

ஒரு பொத்தான் சுடும். மற்றது ஹெலிகாப்டரை இடம், வலம், நம்மை நோக்கி என்று மூன்று நிலைகளில் திருப்பும். நம்மை நோக்கி நிற்கும்போது குண்டு கீழே விழும், டாங்கிக்கு முக்கியமாக அதுதான் வழி. கைதிகள் ஓடிவரும் இடத்தில் அப்படிச் சுட்டால் அவர்களும் சாவார்கள். முதல் கொட்டடி தொடக்கத்திலேயே உடைந்திருக்கும், மற்றவற்றை நாம் சுட்டுத் திறக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் திறக்காதீர்கள். வெளியே வந்தவர்கள் டாங்கிகளுக்கு நடுவே காத்து நிற்பார்கள். முதலில் டாங்கியை ஒழித்து, கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, வேகத்தை முழுதும் குறைத்து நேராக இறங்குங்கள். அவர்களே ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். கூட்டத்தின் மேல் இறங்கினால் நசுங்கிவிடுவார்கள். நடுவில் நிற்காத ஜாய்ஸ்டிக் செய்யும் கொடுமை இதுதான். அடுத்தடுத்த நடைகளில் ஜெட் விமானங்கள் வரும். தரையில் நிற்கும் ஹெலிகாப்டரையும் அவை விடாது. அப்போது 16 பேர் நிரம்பும்வரை காத்திருக்காமல் பத்துப் பேரோடு கிளம்புவது நல்ல முடிவு.

பழைய ஆப்பிள் கணினி இல்லாதவர்கள் எமுலேட்டரில், அதாவது இன்றைய கணினியை அந்தக் கணினி போல நடக்கவைக்கும் மென்பொருளில் ஆடலாம். அதில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் குச்சி முழுதாகச் சாய்ந்தது, சாயாதது என்ற இரண்டு நிலைதான் கிடைக்கும். மெல்ல இறங்குவது கடினம். அனலாக் குச்சியுள்ள யுஎஸ்பி கேம்பேடை இணைத்து, எமுலேட்டர் அமைப்பில் ஜாய்ஸ்டிக் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் பற்றிய திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு மலரில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்கள்,
கோயம்புத்தூர்.