கோஸ்டா கான்கோர்டியாவும் உங்கள் ஊர் வாட்டர் பார்க்கும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் வரைபடங்களும் வந்து சேர்ந்தன. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மிக்க மகிழ்ச்சி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். இத்தாலியில் பாறையில் இடித்துக் கவிழ்ந்த கோஸ்டா கான்கோர்டியா என்ற சொகுசுப் பயணிகள் கப்பலின் கேப்டனுக்கு 16 வருடம் சிறை கொடுத்ததோடு நியாயம் முடிந்ததா என்பது ஒன்று. பைபாஸ் ஓரம் வரப்போகிற வாட்டர் பார்க்குக்கு ஊர்க் கூட்டத்தில் என்ன சொல்வது என்பது மற்றொன்று. இரண்டிலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். ஆபத்து என்று தெரிந்ததும் நிறுத்துகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவர் எத்தனை நிமிடத்தில் நிறுத்துவார்?

கப்பலை முதலில் சொல்கிறேன். 2012 ஜனவரி 13 இரவு 9.45க்கு ஜிலியோ தீவை ஒட்டிய லே ஸ்கோலே பாறையில் கப்பல் இடித்தது. இடது பக்கம் ஐம்பது மீட்டருக்கு மேல் கிழிந்தது. கப்பலின் அடிப்பாகத்தைப் பிரிக்கும் தடுப்பறைகளில் அடுத்தடுத்த இரண்டில் தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும்படி வடிவமைத்த கப்பல் அது. அன்று ஐந்து அறைகளில் புகுந்தது. எஞ்சின் அறைகளும் அதில் அடக்கம் என்பதால் மின்சாரமும் போயிற்று. எத்தனை அறை நிரம்புகிறது என்ற தகவல் சுமார் கால் மணி நேரத்திலேயே கீழிருந்து, கேப்டன் நின்று கப்பலை இயக்கும் மேல்தளத்துக்குப் போய்விட்டது. அந்த நிமிடமே கப்பலின் கதி தெரிந்துவிட்டது. ஆனால் பயணிகளிடம் சொன்னது மின்கோளாறு என்று மட்டும். உறவினர்கள் மூலம் செய்தி கிடைத்துக் கடலோரக் காவல் படை கூப்பிட்டுக் கேட்டபோதும் மின்சாரம் போயிருக்கிறது என்பதுதான் பதில். அபாய மணி அடித்தது 10.33க்கு. கப்பலை விட்டு இறங்கும் உத்தரவு வந்தது 10.54க்கு.

அந்த அறுபத்தொன்பது நிமிடம்தான் 32 உயிரின் விலை என்பேன். கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகுகள் 26. பக்கவாட்டில் 20 டிகிரி வரை சாய்ந்தாலும் இறக்க முடிய வேண்டும் என்பதுதான் படகுகளுக்கான சர்வதேச விதி. அதைத் தாண்டினால் மேலேறிய பக்கத்துப் படகு கப்பலின் உடம்பிலேயே உரசிக்கொண்டு தொங்கும். தாழ்ந்த பக்கத்துப் படகு வெளியே ஊசலாடி, ஆள் ஏற முடியாத இடைவெளி விழும். சாய்வு குறைவாக இருந்த நேரமெல்லாம் பேச்சில் போயிற்று. காற்று கப்பலைத் தீவுப் பக்கமே தள்ளிக்கொண்டு வந்து கரையோரம் தட்ட வைத்திருக்காவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்குமோ.

கேப்டன் ஸ்கெட்டினோவுக்கு 2015 பிப்ரவரியில் 16 வருடம் விதித்தார்கள். 2017 மே மாதம் இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. என்னைக் கேட்டால் சரியான தண்டனை. ஆட்கள் உள்ளே இருக்கும்போது கப்பலை விட்டுப் போனவருக்கு வேறு என்ன கொடுப்பது? ஆனால் அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கப்பலில் பணியிலிருந்த நால்வரும், கரையில் நெருக்கடிப் பொறுப்பில் இருந்த ஒருவரும் குற்றத்தை ஏற்றுக்கொண்டு மூன்று வருடத்துக்கும் குறைவான தண்டனையோடு முடித்துக்கொண்டார்கள். கம்பெனி பத்து லட்சம் யூரோ அபராதம் கட்டி, குற்றவியல் வழக்கிலிருந்து விலகியது. அவசர ஜெனரேட்டர் தொடர்ந்து ஓடாதது, சுக்கான் பிடித்த இந்தோனேசியப் பணியாளருக்கும் மேலதிகாரிகளுக்கும் நடுவே மொழி தடுமாறியது, அன்றைக்குத்தான் ஏறிய பயணிகளுக்கு ஆபத்தில் தப்பிக்கும் ஒத்திகையே நடக்காதது எல்லாம் பேப்பரில் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டன.

அந்த ஒத்திகை விவகாரத்தைக் கவனி. விதியை யாரும் மீறவில்லை. பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போதைய சட்டம் சொன்னது. கப்பல் அன்று மாலை ஏழேகாலுக்குத்தான் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. இரண்டரை மணி நேரத்தில் இடித்துவிட்டது. கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே ஒத்திகை என்று சட்டம் மாறி அமலுக்கு வந்தது 2015 ஜனவரி 1இல். விதிப்படி எல்லாம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி வராததற்கு இதுதான் காரணம்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு வேலையை மட்டும் மனதாரப் பாராட்டுவேன். அங்கேயே வெட்டி எடுக்காமல், கப்பலை முழுசாக நிமிர்த்திக் கொண்டுபோனார்கள். முதலில் எண்ணெய். கடலடியில் தொட்டியின் தகட்டில் வால்வு பொருத்தித் துளையிட்டு, கெட்டியான எரிஎண்ணெயைச் சூடாக்கி உறிஞ்சினார்கள். 2012 பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசிக்குள் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் வெளியே வந்துவிட்டது. இதை முதலில் செய்ததால்தான் தீவின் கடல் தப்பியது. பிறகு இரண்டு பாறை முகடுகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்த அடிப்பாகத்துக்குக் கீழே சிமென்ட் கலவைப் பைகளை அடுக்கி மெத்தை போட்டார்கள். ஆழப் பக்கம் எஃகு மேடைகள். இடது பக்கத்தில் பெரிய பெரிய எஃகுப் பெட்டிகளைப் பற்றவைத்து, அவற்றில் தண்ணீர் நிரப்பி, அந்தப் பாரமும் ஜாக்கி இழுவையும் சேர்ந்து 65 டிகிரி புரட்டின. 2013 செப்டம்பரில் பத்தொன்பது மணி நேரம் பிடித்தது. அடுத்து வலது பக்கமும் பெட்டிகள் வைத்து, 2014 ஜூலையில் தண்ணீரை வெளியேற்றி மிதக்கவிட்டு, ஜெனோவாவுக்கு இழுத்துச் சென்றார்கள். காணாமல் போனவர்களில் கடைசி ஆளான இந்தியப் பணியாளரின் உடல் அங்கே வைத்துத்தான், அந்த வருடம் நவம்பரில் கிடைத்தது. இந்த வேலையில் ஸ்பெயின்காரர் ஒருவர், முக்குளிப்பவர், உயிர் விட்டார். கப்பலைக் கட்டியதைவிட அகற்றியதற்கு அதிகம் செலவாயிற்று. அதில் ஒரு துளியை ஒத்திகைக்கும் ஜெனரேட்டர் சோதனைக்கும் முன்பே ஒதுக்கியிருக்கலாம் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

இனி உங்கள் பார்க். வரைபடத்தில் அலைக்குளம், சோம்பல் ஆறு, ஐந்து சறுக்கு, குழந்தைகள் குளம் எல்லாம் அழகாக வரைந்திருக்கிறார்கள். பம்பு அறையைத்தான் ஒரு கட்டமாகப் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். வாட்டர் பார்க்கின் நல்லது கெட்டது முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

முதல் கேள்வியாக இதைக் கேள்: சுழற்சிப் பம்பு நின்றால் குளோரின் பம்பும் ஆசிட் பம்பும் தானாக நிற்குமா? ஹைப்போ என்கிற குளோரின் திரவமும் ஆசிட்டும் தனித்தனியாகத்தான் குழாயில் சேர்கின்றன. ஓடுகிற தண்ணீரில் கலந்து நீர்த்துப்போவதால் ஆபத்தில்லை. கரண்ட் போயோ பில்டர் அடைத்தோ ஓட்டம் நின்று, அந்தச் சின்னப் பம்புகள் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டும் நிற்கிற குழாய்க்குள் நேரடியாகச் சேர்ந்து குளோரின் வாயு உண்டாகும். மறுபடி பம்பு ஓடியதும் அது அப்படியே குளத்துக்குள், பெரும்பாலும் குழந்தைகள் பக்கத்து ஊற்றுவாயில், குமிழியிட்டு வரும். மின்னிணைப்பு ஒன்று போதாது. குழாயிலேயே நீரோட்ட ஸ்விட்ச் ஒன்று இருக்க வேண்டும். பம்பு சுற்றிக்கொண்டே தண்ணீர் வராமல் இருப்பதும் உண்டு. இரண்டு ரசாயனத்தின் ஊசி முனைகளும் எட்ட எட்ட இருக்கட்டும்.

அடுத்தது உறிஞ்சு வாய். அடித்தளத்தில் ஒரே வாய் வைத்துப் பம்பு நேராக இழுத்தால், குழந்தையின் முதுகோ முடியோ அதை அடைத்தவுடன் பெரிய ஆளாலும் பிரித்தெடுக்க முடியாது. குறைந்தது இரண்டு வாய், நடுவே மூன்றடி இடைவெளி, கவிழ்ந்த கிண்ண வடிவ மூடி. அதைவிட நல்ல வழி, குளத்து நீர் தானாக வழிந்து பேலன்ஸ் டேங்கில் விழுந்து, பம்பு அங்கிருந்து எடுப்பது. மூடியின் திருகு ஒன்று காணாமல் போனாலும் அன்றைக்குக் குளம் மூடியிருக்க வேண்டும். காலையில் திறக்குமுன் யார் மூழ்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று பெயர் கேள்.

தண்ணீரை மறுசுழற்சி செய்வதால் செலவே இல்லை என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருந்தாய். ஏமாந்துவிடாதே. மணல் பில்டர் அழுக்கைத்தான் பிடிக்கும். கரைந்த உப்பும், வியர்வை சிறுநீரின் யூரியாவும் அப்படியே தங்கும். ஜெர்மனியின் தரநிலை குளிக்கிற ஆளுக்கு 30 லிட்டர் புதுத் தண்ணீர் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாயிரம் பேர் வந்தால் 60,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஐந்து. ஆவியாவதும் தெறிப்பதும் தனி. உங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் போர் எத்தனை அடிக்குப் போகும் என்று உனக்கே தெரியும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், பில்டரைக் கழுவி வெளியேற்றும் பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகும் என்பதை எழுத்தில் வாங்கு. குளோரின் கலந்த பேக்வாஷ் நீர் ஓடையில் விழுந்தால் ஏரி மீன் செத்து மிதக்கும்.

குளோரினை அவர்கள் மஞ்சள் சொட்டு கிட்டில் பார்ப்பதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வியர்வையோடு கட்டுண்டு செயலிழந்ததும் அதில் சேர்ந்து தெரியும். டிபிடி என்கிற சோதனை மாத்திரையில் பார்த்தால்தான் உண்மையில் வேலை செய்யும் குளோரின் எவ்வளவு என்று பிரியும். அது 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), தண்ணீரின் அமில அளவான பிஎச் 7.2 முதல் 7.8 இருக்க வேண்டும். கண் எரிந்து மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால் மருந்து அதிகம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அநேகமாக அது கட்டுண்ட குளோரின், தண்ணீர் அசுத்தம் என்பதன் அடையாளம். குழந்தைகள் குளத்தில் யாராவது மலம் கழித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேள். சாதாரண பாக்டீரியா ஒரு நிமிடத்தில் சாகும். வயிற்றுப்போக்கானால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற, குளோரினுக்கு எளிதில் சாகாத ஒட்டுண்ணி இருக்கலாம். அதற்கு 20 பிபிஎம் வைத்து 13 மணி நேரம் பிடிக்கும். டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை போட்டுப் போட்டு, அதிலிருந்து சேரும் சயனூரிக் ஆசிட் ஏறிய தண்ணீரில் இன்னும் அதிக நேரம். ஞாயிறு மதியம் நடந்தால் குளத்தை மூடுவார்களா? அந்தப் பதிலை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

சறுக்கில் உயரத்தைப் பார்த்து மயங்காதே. அமெரிக்காவில் கேன்சஸ் நகரத்தில் 51 மீட்டர் உயரத்துக்கு ஃபெருக்ட் என்றொரு சறுக்கு வைத்திருந்தார்கள். மூன்று பேர் உட்காரும் ரப்பர் படகு இரண்டாவது மேட்டில் எகிறாமல் இருக்க மேலே வலையும் இரும்பு வளையங்களும் போட்டார்கள். 2016 ஆகஸ்டில் படகு எகிறியது. அந்த வளையத்தில் மோதித்தான் ஒரு சிறுவன் இறந்தான். காப்பாற்ற வைத்ததே கொன்றது. அந்த மாகாணத்தில் பார்க்குக்காரர்களே தங்கள் சறுக்கைத் தாங்களே சோதித்துக்கொள்ள அப்போது சட்டம் இடம் கொடுத்திருந்தது. சறுக்கை 2018இல் இடித்தார்கள். உங்கள் ஊரில் அவ்வளவு உயரம் வராது. ஆனாலும் வடிவமைத்த இன்ஜினியர் யார், வெளியாள் சோதனை உண்டா, படகின் மொத்த எடைக்கு மேலும் கீழும் வரம்பு உண்டா, மேலே எடைமேடை வைத்திருக்கிறார்களா என்று கேள். கண்மதிப்பில் எடை போடுவதை ஏற்காதே.

நம் பக்கத்தில் இதோடு துப்பட்டா, புடவை, பருத்தி பனியன் பிரச்சினையும் உண்டு. சறுக்கின் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பசை பெயர்ந்து ஓர் ஓரம் தூக்கினால் துணி அங்கே சிக்கும், அல்லது முதுகு கிழியும். தினமும் காலையில் ஆள் இறங்கி ஒவ்வொரு இணைப்பையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். பருத்தி நூல் உதிர்ந்து பம்பின் முன்வலையை அடைப்பது வேறு. நைலான் உடை கட்டாயம் என்றால் வாடகை வசூல் என்று கோபப்படாதே, அதில் நியாயம் இருக்கிறது.

இப்போது கரண்ட். சறுக்கில் தண்ணீர் நின்றால் நடுவில் ஆள் மாட்டிக்கொள்வார். மேலே இருப்பவருக்கு அது தெரியாமல் அடுத்தவரை விட்டால் முழங்கால் தலையில் இடிக்கும். தண்ணீர் ஓட்டம் குறைந்ததுமே மேல்தளத்தில் சிவப்பு விளக்கு தானாக எரிய வேண்டும். ஜெனரேட்டர் வந்ததும் பச்சை தானாகத் திரும்பக் கூடாது. கீழே இருப்பவர் பாதை காலி என்று பார்த்துப் பொத்தானை அமுக்கிய பிறகே எரிய வேண்டும். ஜெனரேட்டரைச் சும்மா ஓட்டிக் காட்டினால் போதாது, பம்புகளின் முழுச் சுமையையும் ஏற்றிக் காட்டச் சொல். கப்பலில் அவசர ஜெனரேட்டர் 45 நொடிக்குள் சுமையை ஏற்க வேண்டும் என்று விதி இருந்தும் அந்த இரவில் என்ன ஆயிற்று என்று பார்த்தோமே.

கடைசியாக அலைக்குளத்துக் காவலர்கள். பத்து நொடியில் கண்ணில் பட வேண்டும், இருபது நொடியில் கை எட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கேற்றபடி நாற்காலிகளைப் போட வேண்டும். மாலை நாலு மணி வெயிலில் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் தண்ணீர் பளபளப்பில் அடியே தெரியாது. உன் வரைபடத்தில் இரண்டு நாற்காலி அப்படித்தான் இருக்கிறது, மாற்றச் சொல். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அநேகமாக வடமாநிலப் பையன்களைத்தான் வேலைக்கு வைப்பார்கள், குளிப்பவர்கள் நம்மவர்கள். வாய்வார்த்தையை நம்பாமல் ஒரு ஊதல், இரண்டு ஊதல், மூன்று ஊதலுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் பழக்க வேண்டும். ஒவ்வொரு நாற்காலியிலும் அலையை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டும். அதை அமுக்க எந்தப் பையனும் மேனேஜரைக் கேட்கத் தேவையில்லை, தவறாக அமுக்கினாலும் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று முதலாளி எழுதிக் கொடுக்கட்டும். இது ஒன்றுக்கு மறுத்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் பம்பு அறையின் முழு வரைபடத்தையும் மின் இணைப்புப் படத்தையும் கேட்டு வாங்கி அனுப்பு. படித்துவிட்டு மறு தபாலிலேயே எழுதுகிறேன். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்